செக்றோலும் பேரேடும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பஸ்ஸில், இந்த மாதம் கையில் எவ்வளவு விழும் என்பதே பேச்சாக இருந்தது. பத்தாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கருக்குத் தலை நிமிர நேரமில்லை. நான் பார்க்கப் போனதும் அவருடைய அந்த வேலையைத்தான்.

மேசைமேல் செக்றோல் விரிந்து கிடந்தது. ஓரத்தில் ஆட்களின் பெயர்கள், மேலே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதிகள். நிர்ணயித்த கிலோ எடுத்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், வராதவருக்கு ஒரு கோடு. மேலதிகக் கிலோவுக்குத் தனிக் கட்டம். மலையில் கணக்குப்பிள்ளை குறிப்பதே இங்கே வந்து சேர்கிறது. "கம்ப்யூட்டர் வந்தாலும் அடி இதுதான் சேர். இதுல பிழைச்சா மேல எல்லாம் பிழை" என்றார்.

இரட்டைப் பதிவை அவர் ஒரே ஆளின் சம்பளத்தை வைத்து விளக்கினார். 2024இல் 1,350 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளத்தில் ஒருவர் 25 நாள் பேர் போட்டிருந்தால் 33,750 ரூபா. அது சம்பளக் கணக்கில் இடப்பக்கம், வரவு. அதே தொகை வலப்பக்கமும் விழ வேண்டும், ஆனால் ஒரே இடத்தில் விழாது. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 2,700. தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தில் 2,000, தொழிற்சங்கச் சந்தா 250 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 28,800 ஆளின் கைக்கு. நான்கையும் கூட்டினால் அதே 33,750. இதற்கு மேல் தோட்டம் தன் பங்காகச் சேமலாப நிதிக்குப் பன்னிரண்டு வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்று வீதமும் கட்ட வேண்டும். அவையும் ஒரு பக்கம் தோட்டத்தின் செலவினமாகவும் மறுபக்கம் கட்ட வேண்டிய கடனாகவும் ஏறும்.

முற்பணத்தின் வழியைக் கவனித்தால் முறை இன்னும் தெளிவாகும். கொடுத்த அன்று முற்பணக் கணக்கு வரவாகும், காசு செலவாகும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது முற்பணக் கணக்கின் வலப்பக்கத்தில் ஏறிக்கொண்டே வரும். கடன் தீர்ந்த நாளில் இரு பக்கமும் ஒன்றாகி, மீதி பூச்சியம். வலப்பக்கம் முழுதாக நிரம்பிய பிறகும் யாராவது பிடித்தால், ஏடே காட்டிக் கொடுக்கும்.

மாத முடிவில் எல்லாக் கணக்கின் மீதிகளையும் எடுத்துப் பரீட்சை மீதி போடுவார்கள். இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்து வராவிட்டால் அவர் எடுத்த எடுப்பில் ஏட்டைப் புரட்டுவதில்லை, வித்தியாசத்தைப் பார்க்கிறார். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்: 2,700ஐ 7,200 என்று எழுதினால் வித்தியாசம் 4,500. அப்படி இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று தேடுகிறார். இந்த நுணுக்கத்தை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்ட கணித நூலில் விளக்கப்பட்ட முறைதான் இந்த மலையில் இன்றும் ஆளுக்கு ஆள் சம்பளம் பிரிக்கிறது.

ஆனால் சரிநிகரான ஏடு நியாயமான ஏடு ஆகிவிடாது. மலையகத்துக்கு இது பழைய பாடம். பெரிய கங்காணி தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டத் தோட்டத்தில் முற்பணம் வாங்குவார். அந்தக் கடன் ஆட்களின் தலையில் ஏறும். இத்தனை ரூபா கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும், மனிதர்கள் கடனோடு இடம் மாறுவார்கள். இரண்டு தோட்டத்துப் பேரேடுகளும் அப்போதும் சரியாகவே நின்றிருக்கும். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

மாலையில் கொழுந்து மடுவத்துக்குப் போனேன். தராசடியில் நின்ற ஒரு அக்கா, "பைக்குன்னு ஒரு கழிவு, ஈரத்துக்குன்னு ஒரு கழிவு. வெயில் காஞ்ச நாள்லயும் ஈரந்தான் தம்பி" என்றார். மலையகத்தில் பல இடங்களிலும் கேட்ட முறைப்பாடு இது. மழையில் நனைந்த கொழுந்துக்குக் கழிப்பது நியாயம். அதற்கு மேல் இரண்டு கிலோ கழிகிறது என்று வைத்துக்கொண்டால், அது எங்கே போகிறது? பைக்குள்தான் இருக்கிறது. ஃபெக்டரிக்குப் போய் வாடி, அரைபட்டு, தூளாகி, கொழும்பு ஏலத்தில் காசாகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோ கொழுந்து போகும். கழித்த கொழுந்தும் உள்ளே போனால், குறைந்த கொழுந்தில் கூடுதல் தூள் எடுத்ததாகக் கணக்கு காட்டும். விற்ற காசு இரு பக்கத்திலும் ஒழுங்காக ஏறும், பரீட்சை மீதி இம்மியும் பிசகாது. அந்த இரண்டு கிலோ மட்டும் எந்த ஏட்டிலும் யார் பெயரிலும் இருக்காது. இரட்டைப் பதிவு ஏட்டுக்குள் வந்ததை மட்டுமே காக்கும்.

பெரிய கிளாக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வந்து சேர்ந்ததை அவர் நேர்மையாக எழுதுகிறார். பிழை நுழையும் இடம் தராசு.

அந்த அக்காவின் மகள் ஒரு அப்பியாசக் கொப்பியைக் காட்டினாள். தேதி, காலைக் கிலோ, மாலைக் கிலோ, கழிவு, முழுப்பேரா அரைப்பேரா என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். வித்தியாசம் வந்தால் தேதியைச் சொல்லிக் கேட்க முடிகிறது.

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் அம்மா பெயரில் இன்றே ஒரு கொப்பி போடுங்கள். கழிவையும் தேதி வாரியாக எழுதுங்கள். சம்பளச் சீட்டுகளை ஒன்றும் விடாமல் சேர்த்து வையுங்கள். சேமலாப நிதிக் கணக்கில் எட்டும் பன்னிரண்டுமாக இருபது வீதமும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள்.