அருட்பாவில் எங்கே தொடங்குவது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கடலூர் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் வள்ளலாரை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. வெள்ளாடையும் முக்காடுமாய் அவர் படம் பேருந்தின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும். சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் அவர் பாடியவற்றுள் நமக்கு எத்தனை தெரியும்? பயிர் வாடக் கண்டு தாமும் வாடியதாகச் சொல்லும் அந்த ஒரு வரி தெரியும். பட்டிமன்றமோ பள்ளி ஆண்டு விழாவோ, பேச்சாளர் அந்த வரியைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அது எந்தப் பாடலில் வருகிறது, அடுத்த வரி என்ன என்று கேட்டால் மேடையில் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

மொத்தம் 5818 பாடல்கள் என்று பதிப்பாளர்கள் எண்ணி வைத்திருக்கின்றனர். நாளுக்கு ஒன்று வீதம் படித்தால் ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆகும். (எதையும் வகுத்துப் பார்ப்பது எங்கள் துறையின் பழக்கம், பொறுத்தருள்க.) அந்தத் தடித்த புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, இரண்டு பக்கம் புரட்டி, மெல்லத் திரும்ப வைத்துவிட்ட நண்பர்கள் பலரை நான் அறிவேன். "எங்கேயடா தொடங்குவது?" என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதற்பக்கத்தில் தொடங்கவே கூடாது. முதல் திருமுறையின் வாயிலில் நிற்பது 128 அடிகள் கொண்ட திருவடிப் புகழ்ச்சி. வடமொழித் தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கருங்கற் கோபுரம் அது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அகராதி வாங்கவே முதலாண்டு உதவித்தொகை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபுரத்தின் முன் நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

திருமுறை வரிசை பாடிய வரிசையும் அன்று. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 5-10-1823 அன்று பிறந்தவர் சென்னையில் வளர்ந்தார். சிறு வயதில் கந்தகோட்டத்து முருகனையும் தணிகை முருகனையும் பாடினார். அந்த இளமைப் பாடல்கள் இருப்பது ஐந்தாம் திருமுறையில்! பாடல்களை ஆறாக வகுத்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதல் நான்கும் 1867இலும், ஐந்தாவது 1880இலும், ஆறாவது 1885இலும் வெளிவந்தன. வள்ளலாருக்குத் தம் பாடல்களை அச்சிடுவதில் நாட்டமே இல்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒரு வேளையே உண்பதென்று இறுக்கம் இரத்தின முதலியார் நோன்பு பூண்ட பிறகுதான் இசைந்தாராம். ஒருவர் பட்டினி கிடப்பதை அவரால் தாங்க இயலாது என்பதை முதலியார் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார் போலும்! ஆண்டு வரிசையில் படிக்க விரும்புவோர்க்கு ஊரன் அடிகளின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பு உண்டு. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை 12 புத்தகங்களாகக் கொணர்ந்த பதிப்பும் உண்டு.

சரி, எங்கேதான் தொடங்குவது? ஆறாம் திருமுறையில் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்று ஒரு பகுதி இருக்கின்றது; 133 பாடல்கள். நேரே அங்கே போய்விடுங்கள்.

ஞானி ஒருவர் தம் அச்சங்களைப் பட்டியல் போட்டுப் பாடியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கைவீசி நடக்க நாணிக் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தாராம். உடம்பு பிறர் கண்ணில் படக் கூசி வெண்துணியால் மூடிக்கொண்டாராம். இதைப் படித்தபோது எனக்கு நம் கல்லூரியின் நீண்ட தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. முதல் பருவம் முழுதும் அதில் நானும் கைகட்டியே நடந்தேன். அவருடைய நாணம் வேறு, என் கூச்சம் வேறு என்பது தெரியும். இருந்தாலும் 150 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் பக்கத்தில் நடந்து வருவது போலிருந்தது.

நாம் அனைவரும் அறிந்த அந்தப் பயிர் வரியும் இந்த விண்ணப்பத்தில்தான் வருகின்றது. அது ஒரு பாடலின் தொடக்கம் மட்டுமே. பயிரை விட்டு அவர் உடனே மனிதரிடம் வந்துவிடுகிறார். வீடு வீடாக இரந்தும் பசி தீராதவர்களைக் கண்டு பதைத்தேன் என்கிறார். தீராத நோயாளிகளைச் சொல்கிறார். கடைசியாக வருபவர்கள் ஏழைகள், ஆனால் மானம் விடாதவர்கள்; வாய்விட்டுக் கேட்க மாட்டாமல் நெஞ்சுக்குள்ளேயே இளைத்துப் போனவர்கள். மேடைகளில் பயிரோடு நின்றுவிடுவதால் இவர்களை நாம் பார்ப்பதே இல்லை.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துத் தெருக்களில் விற்பவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடையில் ஒருநாள், "வடலூர் போய் சாமி கும்பிட்டு வரலாம், வாங்க" என்று அம்மா எங்களை அழைத்துப் போனார். அன்று பூசமும் இல்லை, விசேஷமும் இல்லை. தருமசாலையில் பகல் சாப்பாடு. பிறகு மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். இரவுச் சாப்பாடும் முடித்துப் பேருந்து ஏறினோம். அடுத்த வாரமும் போனோம்; அதற்கடுத்த வாரமும். அம்மாவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதென்று தங்கை கேலி செய்தாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் ஒரு படி அரிசி கேட்காதவர் என் அம்மா.

இந்த ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் அந்தப் பாடலை அவருக்குப் படித்துப் பொருள் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே கேட்டவர், "இத்தன பேருக்காக வருத்தப்பட்டவரு, அவரு எப்ப சாப்புட்டாராம்?" என்றார். அதற்கும் அதே விண்ணப்பத்தில் விடை இருக்கின்றது. பெற்ற தாய் வாட்டமுறுவதைப் பார்க்க அஞ்சியே சில நாள் நிறைய உண்டதாகப் பாடியிருக்கிறார். சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ அங்க மூணு தடவ சோறு வாங்குன" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கு அடுத்தபடியாகப் படிக்க வேண்டியது பாட்டே அன்று, உரைநடை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில், பசி வந்தால் கண் என்னாகும், காது என்னாகும், நாக்கு, தோல், கை கால் என்னாகும் என்று ஒவ்வோர் உறுப்பாக எழுதியிருக்கிறார். உணவு உள்ளே போனதும் அவை எவ்வாறு மீள்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். நம் ஆய்வகக் குறிப்பேடுகூட அவ்வளவு ஒழுங்காக இராது. கேள்விப்பட்டு எழுதிய எழுத்தன்று. கண்ணால் பார்த்தவர் எழுதியது. பார்வதிபுரத்து மக்கள் தந்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் 23-5-1867 அன்று தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்பார்கள்.

ஞான சபை வந்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1872 தைப்பூசத்தில். புலால் உண்போர் சபைக்குள் புகாமல் புறத்தே நின்று வழிபட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அம்மா வெளியே நின்றுதான் கும்பிடுவார். அதைக் குறையாகச் சொன்னதில்லை. உயிர்க்கொலை கூடாதென்ற நூலை மீன் விற்ற காசில் படிக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அந்தக் கணக்கை இன்னும் நான் போட்டு முடிக்கவில்லை. ஆனால் தருமசாலையில் இலை போடும்போது எவரும் எதையும் கேட்பதில்லை. ஆகவேதான் வாசகனும் சபை வழியாக நுழையாமல் சாலை வழியாக நுழைவது நல்லது என்கிறேன்.

இந்தப் பாடல்களை 'அருட்பா' என்றும் 'திருமுறை' என்றும் அழைக்கலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கூடாதென்றார். நாவலரும் நமக்கு அயலார் அல்லர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியவர். பூசல் சிதம்பரத்தில் முற்றி, 1869இல் நம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. அன்று அங்கே நடந்ததை இரு தரப்பாரும் இரு விதமாக எழுதி வைத்திருக்கின்றனர். பிற்காலத்தில் அருட்பாவுக்காக வாதாடியவர்களுள் செய்குத்தம்பிப் பாவலர் என்ற இசுலாமியப் புலவரும் ஒருவர். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ஆனால் சண்டையிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாட்டுக்கு வந்து சேர்வதில்லை.

பிறகு இளமைப் பாடல்களுக்குத் திரும்பலாம். கந்தகோட்டத்துத் தெய்வமணிமாலை 31 பாடல்களே. வாய்விட்டுப் படித்தால் ஓசையே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். சிதம்பரத்து நடராசரை உருகிப் பாடியவர், பின்னாளில் வடலூரையே உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்தது ஏன் என்பது ஆறாம் திருமுறையில் போகப் போக விளங்கும். அதிலுள்ள கண்ணிகளை மாதப் பூசத்தன்று வடலூரில் பெண்கள் கூடிப் பாடும்போது கேளுங்கள். புத்தகத்தில் அவை பாதி உயிரோடுதான் இருக்கின்றன.

அருட்பெருஞ்சோதி அகவலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்குப்பத்தில் 18-4-1872 அன்று எழுதி முடித்தது, 1596 அடிகள். புகழ் பெற்றது என்பதால் பலரும் அதை முதலில் எடுத்து, நூறாம் அடியில் மூச்சு வாங்குகிறார்கள். நான் இருமுறை முயன்று விட்டேன். தேர்வு முடிந்து மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறேன். நூலகத்தில் கேட்டு வரும் நண்பர்கள் வைகாசி வரை பொறுத்திருக்க வேண்டும். புத்தகம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கின்றது. ராத்திரியில் நாளுக்கு ஒரு பாட்டு அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.