மெழுகுதிரி கிள்ளும் நாட்கள்

போன ஜூலையில் ஸ்காபரோவில் ஒரு வீட்டைக் கடந்து போனேன். அந்த வாசலில் நிற்கும் மியூகோ பைன், பதினாறு வருஷம் என் கையால் பார்த்த மரம். யாரோ பெடியன்கள் ஹெட்ஜ் ட்ரிம்மரால் அதைப் பந்து மாதிரி வழித்துவிட்டிருந்தார்கள். கிட்டப் போனால் ஊசி எல்லாம் நுனி அறுபட்டுப் பழுப்பாகிக் கிடந்தது. "வடிவா இருக்குத்தானே அண்ணை?" என்று வீட்டுக்காரி கேட்டா. எனக்குப் பேச்சு வரவில்லை.

பொக்ஸ்வூட்டை எப்படி வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும். பைன் அப்படியில்லை. ஊசியில்லாத பழைய கொப்பில் வெட்டினால் அந்தக் கொப்பு அதோடு முடிந்தது.

எனக்குப் பைன் வேலையைப் பழக்கியவர் ஓர் இத்தாலியப் பெரியவர். முதல் இரண்டு வசந்தமும் கத்தரிக்கோலைத் தொடவே விடவில்லை. மே கடைசியில் மெழுகுதிரி எழும்பும். பைனின் நிமிர்ந்த புதுத்துளிரைத்தான் அப்படிச் சொல்வோம். ஊசிகள் விரியாமல் தண்டோடு ஒட்டிக்கிடக்கிற அந்தக் கொஞ்ச நாளுக்குள், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பாதியை ஒடிக்க வேண்டும். 'டிக்' என்று முறிந்தால் பதம். நார் இழுத்தால் பிந்திவிட்டது. பதத்தில் முறித்த இடத்தில்தான் அடுத்த வருஷ மொட்டுக் கட்டும். ஒருமுறை நான் பிந்திக் கிள்ளினேன். அவர் ஏசவில்லை. அடுத்த வசந்தம் அதே மரத்தின் முன்னால் என்னை முழங்காலில் இருத்தி, மொட்டுகளை எண்ணச் சொன்னார். எண்ண ஒன்றுமில்லாத நுனிகளே கூட. அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. விரலில் ஒட்டிய பிசின்தான் சமையல் எண்ணெய் தேய்த்தால் போகும்.

பனிக்காலத்தில் ஊசி கருகினால் எல்லாரும் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் அது தாகம். நிலம் உறைந்தபின் வேருக்குத் தண்ணீர் எடுபடாது. மார்ச் வெயிலும் காற்றும் ஊசியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிலம் இறுகுமுன் ஆழ நனைத்துவிட வேண்டும். ஒன்ராறியோ 1984 இல் மாகாண மரமாக்கிய வெள்ளைப் பைனுக்கோ உப்பு ஆகாது. அதைக் கொண்டுபோய், பனி உருக உப்புக் கொட்டுகிற ரோட்டோரம் நடுகிறார்கள்.

இப்போது ஒரு மரத்துக்கு ஐந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டு விலை பேசுகிறார்கள். நாலடி மியூகோவைக் கிள்ளி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அந்தக் காசைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

இந்த வருஷத்தோடு நான் வேலையை விடுகிறேன். உங்கள் வாசலில் பைன் நின்றால், புல்லு வெட்ட வருகிறவரிடம் ட்ரிம்மரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள். கிள்ளத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் சும்மா விட்டுவிடுங்கள். அது தன்பாட்டில் வளரும்.