கண் திறத்தல்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அண்ணனின் படம் என்று அம்மா சந்தன மாலை போட்டு, நாற்பது வருஷ காலம் அமாவாசை தவறாமல் விளக்கேற்றி வைத்த படம் என்னுடையது. அதை நான் அறிந்தது பதினைந்தாம் வயதில், படிப்பை நிறுத்திவிட்டுக் கீழவீதியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்த சில மாதங்களுக்குள், பழைய நெகட்டிவ் பெட்டிகளைத் தூசி தட்டி அடுக்கும்படி மாஸ்டர் சொல்லிப் போயிருந்த ஒரு மழை நாளில்.

1958இல் அண்ணனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. ஊரில் பெரியம்மை கண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, அண்ணனை உள்ளறையில் வாழையிலையின்மேல் கிடத்தி, என்னைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அந்த அறை சாணமிட்டு மெழுகப்பட்டுக் காலியாக இருந்தது. அண்ணன் எங்கே என்று கேட்டேனா என்பது எனக்கு ஞாபகமில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன், ஏனெனில் கேட்கத் தகாதது எது என்பதை அறிந்துகொள்ளும் சூட்சுமம் அந்த வயதுக்கே விசேஷமாக உண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்பாவிடம் குரலைத் தணித்துப் பேசினார்கள். என் தலையைத் தடவிக் கொடுத்து, "அம்மாவை அழவைக்காதே, இனிமே ரெண்டு பிள்ளைக்கும் நீ ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லின் கனம் எவ்வளவு என்று அவர்கள் நிறுத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

இறந்தவரை நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்துப் படமெடுப்பதும், மூடிய கண்ணை நெகட்டிவிலோ படத்திலோ திறந்து எழுதிவிடுவதும் அக்காலத்து ஸ்டூடியோக்களில் சர்வசாதாரணம். ஆனால் வைசூரி கண்ட முகத்தை எப்படி எடுப்பது? உயிரோடிருந்த ஒன்பது வருஷத்தில் அண்ணனை ஒரு தடவைகூடப் படமெடுக்கவில்லை. ஆகையால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அண்ணனின் சட்டையை எனக்குப் போட்டு, தொளதொளத்த முதுகுப்புறத்தைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து, வகிட்டைப் பக்கம் மாற்றி வாரி, அம்மா என்னை அந்த ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரைக்கடியில் உட்காரவைத்தாள். படம் எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எதற்கென்பது மட்டும் தெரியாது.

பெட்டியில் கிடைத்த காகித உறையில் எங்கள் தெருவின் பெயரும் வருஷமும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு நெகட்டிவ். டார்க் ரூமுக்குள் போய், இரண்டில் பென்சில் படாததை வைத்து ஒரு பிரிண்ட் போட்டேன். டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாளின்மேல் முதலில் தலைமயிர், அடுத்துக் கண்மணி, கடைசியாகக் கன்னத்தின் வளைவு என்று மெல்ல மெல்ல ஏறிவந்து, சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தது ஆறு வயதில் நான். மற்றதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது மாஸ்டரின் கைவேலை முழுவதும் தெரிந்தது. நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் பென்சில் ஏற்றினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். கத்தி நுனியால் சுரண்டினால் கறுக்கும். கன்னத்தைச் சுரண்டி ஒடுக்கியிருந்தார். மோவாயின் இடப்புறத்தில் ஊசி முனையளவுக்கு ஒரே ஒரு சுரண்டல். அம்மா தினந்தோறும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அண்ணனின் மச்சம் அதுதான்.

மாஸ்டரிடம் கேட்டேன். "உங்கம்மா கேட்டது அண்ணன் முகம். என்கிட்ட இருந்தது உன் முகந்தானப்பா" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1998இல் அம்மா கண்மூடும் வரையில், எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் காட்டிக்கொண்டதும் இல்லை. படத்தின் கண்ணாடியில் அவள் விபூதி இடும்போதெல்லாம் என் நெற்றியில் ஊறுவதுபோல் இருக்கும். அது என் பிரமை.

அந்த மாஸ்டரிடம்தான் நான் டச்சிங் கற்றேன். பென்சிலை உப்புத்தாளில் உரசி உரசி ஓர் அங்குல நீளத்துக்கு ஊசியாக்குவதற்கே மூன்று மாதம் அப்பியாசம் வேண்டியிருந்தது. கண்ணுக்கு மட்டும் கடைசியிலேதான் வரவேண்டும் என்பார். ஸ்தபதிகள் விக்கிரகத்துக்கு மற்ற அங்கங்களையெல்லாம் முடித்துவிட்டு நல்ல வேளை பார்த்துக் கண் திறப்பது சம்பிரதாயம். நடராஜர் சந்நிதிக்கு அருகில் தொழில் செய்த எங்களுக்கு அந்த வார்த்தையே பழக்கமாகி, பிணத்தின் கண்ணை எழுதுவதையும் கண் திறப்பது என்றே சொல்லிவந்தோம். அதில் அபசாரம் ஏதும் எங்களுக்குத் தோன்றியதில்லை. மணிக்குள் வெளிச்சப் புள்ளி ஒரு மயிரிழை விலகினாலும் அது அந்த மனிதரின் பார்வை ஆகாது. எங்கே வைப்பதென்று வீட்டாரைத்தான் கேட்கவேண்டும். வீட்டாரில் யாரைக் கேட்பது என்பதை நான் கற்க இன்னும் முப்பத்தேழு வருஷம் ஆயிற்று.

பிற்பாடு கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்தேன். 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன உற்சவத்துக்கு ஜனங்கள் கூடியிருந்த சமயம். பள்ளிக்கூடம் இல்லாத நாளானபடியால் தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம் என்று கடலோரம் நெடுகிலும், தெற்கே கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு வரையிலும், பிள்ளைகள் வீட்டிலும் மணலிலுமாக இருந்தார்கள். காலை எட்டரை மணிக்குமேல் கடல் உள்ளே வந்தது. மாவட்டத்தில் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். அவர்களில் ஆண்களைக் காட்டிலும் பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

பொங்கலுக்கு முன்பே ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கலர்ப் படங்களை நல்ல தண்ணீரில் போட்டு, மருந்து உரியாமல் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்து, நிழலில் உலர்த்துவதே அந்த மாதம் முழுவதும் எங்கள் ஜோலியாக இருந்தது. தர்மத்துக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். தாள் விலையை வாங்கிக்கொண்டேன். சிலர் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, மூன்றாம் வரிசையில் கடுகளவாய் நிற்கும் முகத்தைக் காட்டி, பெரிதாக்கிக் கேட்டார்கள். சிலரிடம் அந்தக் கடுகும் இல்லை.

அப்படி வந்த ஒரு தம்பதி, பத்து வயதுப் பெண் குழந்தையொன்றைக் கூட அழைத்து வந்திருந்தார்கள். போனவன் அவளுக்குத் தம்பி, ஏழு வயது. வீடும் இல்லை, படமும் இல்லை. "இவ மூஞ்சிதான் சார் அவன் மூஞ்சி. இவளை வெச்சே எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் தாய். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன் மாஸ்டருக்கும் தெரிந்திருக்காது. குழந்தையை முக்காலியில் உட்காரவைத்து, குழந்தைகளைப் படமெடுக்கும்போது எப்போதும் செய்வதுபோலக் காமிராவை அவள் கண் மட்டத்துக்கு இறக்கி எடுத்தேன்; பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, முடியைக் குட்டையாக்கி, காதின் தோட்டை அழித்து, சட்டைக் காலர் வைத்தேன். தாயும் தகப்பனும் அதைப் பார்த்து அழுதார்கள். முக்காலியிலிருந்து இறங்கி வந்து என் தோளருகில் நின்ற அந்தப் பெண் மட்டும், "இது தம்பி இல்ல, நான்" என்றது.

தாய் அதட்டினாள். நான் அவளைக் கையமர்த்திவிட்டு, "தம்பிக்கு எப்படி இருக்கும், சொல்லும்மா" என்றேன். அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் குழந்தை பேசியதை, அதன் பெற்றோரும் அன்றுதான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். இடது புருவத்தின் வாலில் மயிர் முளைக்காத ஒரு கீற்று. முன்பல்லில் ஒன்று விழுந்து மற்றது பாதி முளைத்தது. சிரித்தால் ஒரு கண் மற்றதைவிடச் சுருங்குவது. மூக்கு நுனியில், இவளே பிறாண்டியதால் வந்த தழும்பு. தழும்பைச் சொல்லும்போது மாத்திரம் நிறுத்தி, தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டது. நான் ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, "இன்னும் கொஞ்சம்", "இல்ல, அந்தப் பக்கம்" என்று தச்சனிடம் வேலை வாங்கும் வீட்டுக்காரர்போல அதிகாரமாகச் சொல்லிவந்தவள், கண்ணின் வெளிச்சப் புள்ளியை நான் நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தியதும் வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். கடல் வந்து பதினெட்டு நாள் ஆகியும் இவள் அழவில்லை என்று தகப்பன் பிறகு சொன்னான்.

பெற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பெரும்பாலும் மேலிருந்து குனிந்து பார்த்தவர்கள். உடன்பிறந்த பிள்ளையோ அதே உயரத்திலிருந்து, அதே பாயில் படுத்து, மூக்கோடு மூக்கு உரசிச் சண்டை போட்டுப் பார்த்தது. காமிராவை இறக்கத் தெரிந்த எனக்கு இத்தனை காலம் இது உறைக்கவில்லை என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. அந்த மாதங்களில் தொண்டர்கள் குப்பங்களில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் அலையை வரைந்தார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனாலும் எல்லாரும் அலையைப் பற்றியே கேட்டார்கள். தம்பிக்குப் புருவம் எப்படி என்று கேட்க ஆளில்லை.

என்னைக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அண்ணனின் வலது காதுமடல் மேலே உள்நோக்கி மடிந்திருக்கும். இரவில் அவன் தூங்கிய பிறகு நான் அதை விரலால் நிமிர்த்திவிடுவேன். விட்டதும் திரும்ப மடிந்துகொள்ளும். கூடத்துப் படத்தில் இரண்டு காதும் என்னுடையவை.

அந்தப் பெண் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் மாதத்தில், கரையில் பால் ஊற்றி அஞ்சலி செய்யும் நாளுக்கு முன், புதுப் பிரிண்ட் வாங்க வருவாள். 2018இல் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, தம்பியை அதில் சேர்க்கவேண்டும் என்றாள். என்னிடம் வேலை பார்க்கும் பையன், இப்போதைய வித்தையில் அவனை இருபத்தொரு வயதுக்கு வளர்த்தே காட்டிவிடலாம் என்று உற்சாகமாகச் சொன்னான். கைப்பேசிகளில் இறந்தவர்களைச் சிரிக்கவும் கண் சிமிட்டவும் செய்கிற இந்தக் கூத்து எனக்கு அறவே பிடிப்பதில்லை; நான் வாய் திறக்குமுன் அவளே, "வேணாம், அவன் ஏழு வயசாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

உயரம் எவ்வளவு என்று கேட்டேன். "அப்ப என் காதுக்கு இருப்பான், சார்." ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் அளந்த தன் உயரம் அவளுக்கு நினைவிருந்தது: 134 சென்டிமீட்டர். காதுக்கு என்றால் 120. மணப்பெண்ணின் இடப்பக்கம், அந்த உயரத்துக்கு அவனை நிறுத்தி, கண்ணைக் கடைசியில் போட்டேன்.