சேற்றிற் சுழலும் சக்கரம்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலம் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் ஏற்றது; மழை பெய்துவிட்டாலோ வண்டிகளுக்குப் பெரும்பகை. மார்கழி மாதத்தில் ஒருநாள், சோள மூட்டைகள் ஏற்றிய டிராக்டர் ஒன்று அந்நிலத்திற் சிக்கி நிற்கக் கண்டோம். வானிலோ மீண்டும் முகில் திரண்டது. சோளம் நனைந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் உழைப்பெல்லாம் பாழாகும். ஆயினும், ஒரு சக்கரம் சேற்றை வாரியிறைத்துச் சுழல, உறுதியான தரையிலிருந்த மற்றொன்று அசையவேயில்லை.

இதற்குக் காரணம் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியே. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் அதிகத் தொலைவு ஓட வேண்டுமாதலின், இரண்டும் வெவ்வேறு வேகத்திற் சுழல அஃது இடந்தருகிறது. ஆனால், சுழற்றும் விசையை இரண்டிற்கும் சமமாகவே பகிர்கிறது. வழுக்கும் சக்கரம் ஏற்கும் சிறு விசையே மற்றதற்கும் கிட்டும்.

நிற்க. அருகிலிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, முதலிற் சக்கரத்தை நிறுத்து, பிறகு பூட்டை மிதி" என்றார். இளஞ்சாரதி அவ்வாறே செய்தான். இரு சக்கரங்களும் ஒன்றாய்ப் பிணைந்து சுழன்றன, வண்டி கரையேறிற்று, சோளமும் தப்பிற்று.

ஜீப்புகள் சிலவற்றில், உராய்வுத் தட்டுகளால் வேக வேற்றுமையைத் தானே மட்டுப்படுத்தும் வேறொரு வகை உண்டு. அது முற்றும் பிணைப்பதில்லையாதலின் திருப்பத்திற்குத் தடை குறைவு. பூட்டையோ, கெட்டித் தரையை அடைந்தவுடன் விடுவித்தல் வேண்டும்; அன்றேல் வண்டி திரும்ப மறுக்கும்; டயர் தேயும்; அச்சும் முறியக்கூடும். பிணைக்கும் காலமும் விடுவிக்கும் காலமும் அறிதலே சாரதிக்கு வேண்டிய கல்வியெனக் கண்டோம்.