நாக மலைக்கு அப்பால்

இராஜபுதனம் என்று சொன்னவுடனே நம்மவர்களில் பலருக்கு மனக்கண் முன் தோன்றுவது கண்ணுக்கெட்டிய தூரம் மணற்காடு. அதன் நடுவில் ஓர் ஒட்டகம். ஒட்டகத்தின் மேல் முறுக்கு மீசையும் பெரிய தலைப்பாகையுமாக ஒரு வீரர். இந்தச் சித்திரம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் மலை இல்லை, அதுதான் குறை. இப்போது ராஜஸ்தான் என்று வழங்கும் அந்தத் தேசத்துக்கு முதுகெலும்பு ஆரவல்லி மலைத் தொடர். டில்லிக்கு அருகில் தலையெடுத்துத் தென்மேற்குத் திசையில் 400 மைலுக்கு மேல் ஓடிக் குஜராத்தில் போய் முடிகிறது. உலகத்திலுள்ள மிகப் பழைய மலைகளில் ஒன்று. வயதை எண்ணிப் பார்த்தால் இமயமலை அதற்குக் கொள்ளுப்பேரன் முறை ஆக வேண்டும். மழையிலும் காற்றிலும் தேய்ந்து உயரம் குறைந்து போயிருக்கிறது. ஆயினும் மேற்கே தார்ப் பாலைவனத்துக்கும் கிழக்கே பயிர் விளையும் பூமிக்கும் நடுவில் இந்தக் கிழவர்தான் காவல் நிற்கிறார்.

இந்தக் காவற்காரரையும் அவர் எதிர்த்து நிற்கும் மணலையும் ஒரே நாளில் பார்த்து வர விரும்புகிறவர்கள் அஜ்மீர் நகரத்தில் இறங்க வேண்டும். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி விடலாம். மலைக்கு இப்புறம் அஜ்மீர். அப்புறம் புஷ்கர க்ஷேத்திரம். நடுவில் இருப்பது நாக பஹாட் என்னும் நாக மலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே 7, 8 மைலுக்கு மேல் தூரம் இராது.

அஜ்மீரைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த வியாசம் மலையைத் தாண்டாது. க்வாஜா மொய்னுத்தீன் சிஷ்தியின் தர்காவுக்கு ஹிந்துக்களும் முஸ்லிம்களும் இன்றைக்கும் ஒன்றாகவே வந்து போகிறார்கள். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அக்பர் சக்கரவர்த்தி 1570-இல் ஆக்ராவிலிருந்து கால்நடையாகவே இங்கே வந்தார். அவர் கட்டிய கோட்டை நகரத்தின் நடுவில் இருக்கிறது. அக்பரின் குமாரர் ஜஹாங்கீர் அஜ்மீரில் தங்கியிருந்தபோதுதான், 1616-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஸர் தாமஸ் ரோ என்னும் ஆங்கிலத் தூதர் அவரைக் கண்டு வணங்கி வியாபாரச் சலுகை கேட்டார். கேட்டவர்களின் வழி வந்தவர்கள் 1818-இல் அஜ்மீரையே எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் சுதேச சமஸ்தானங்கள் இருக்க, நட்ட நடுவில் இந்த ஒரு ஜில்லாவை மட்டும் தங்கள் நேர் ஆட்சியில் 1947 வரையில் வைத்திருந்தார்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: இந்தியாவில் கட்டிய முதல் ரயில் இஞ்சின் 1895-இல் இவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தது. கை நம்முடையது, கம்பெனி அவர்களுடையது.

நாங்கள் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை புறப்பட்டோம். குளிர் இன்னும் விடவில்லை. எங்களுடன் வந்த பெரியம்மாவுக்கு மலையும் வேண்டாம், மணலும் வேண்டாம். புஷ்கர ஸ்நானம் ஒன்றுதான் வேண்டும். வண்டி ஓட்டியவர் உள்ளூர்க்காரர். ஆனாஸாகர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, “மாஜி, இதுவும் நல்ல தீர்த்தந்தான்” என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சௌஹான் அரசர் அர்ணோராஜர் வெட்டிய ஏரி அது. கரையில் 1637-இல் ஷாஜஹான் கட்டிய சலவைக்கல் மண்டபங்கள் காலை வெயிலில் பால்போல் இருந்தன. பெரியம்மா ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, “அழகாகத்தான் இருக்கிறது. போகலாம் அப்பா” என்றாள்.

ஏரியை விட்டதும் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறத் தொடங்குகிறது. நம்முடைய நீலகிரிப் பாதையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அடர்ந்த சோலை கிடையாது. அருவிச் சத்தம் கிடையாது. வெடித்த பாறை, முள், காய்ந்த புல். இடையிடையே ஒரு மரம். ஆனால் அந்த ஒரு மரத்தைப் பார்த்ததும் எங்களுக்கு உண்டான ஆனந்தம் சொல்லத் தரமன்று. அது நம் வன்னி மரம்! நம் பக்கத்தில் சிவன் கோயில்களில் ஸ்தல விருக்ஷமாக நின்று பிரதக்ஷிணம் வாங்கிக்கொள்கிறதே, அதே வன்னி. இங்கே அதற்குக் ‘கேஜ்டி’ என்று பெயர். பாலைவனத்தார் அதன் நெற்றுக் காயைக் கறி சமைக்கிறார்கள். இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். அதன் நிழலில் கம்பு விளைவிக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே அரண்மனைக்காக இந்த மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது பிஷ்னோயி சமூகத்து ஸ்திரீகளும் புருஷர்களுமாக 363 பேர் மரங்களைத் தழுவிக்கொண்டு உயிர் துறந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவள் அம்ருதா தேவி என்னும் குடியானவப் பெண்.

வன்னிக்குப் பக்கத்திலேயே அதன் எதிரியும் நிற்கிறது. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. சாக்ஷாத் சீமைக்கருவேல மரந்தான்! இங்கே ‘விலாயதி பபூல்’ என்கிறார்கள். அதாவது இங்கேயும் அதற்குச் ‘சீமை’ப் பட்டம் உண்டு. மணலைக் கட்டுப்படுத்தும் என்று நம்பி மார்வார் சமஸ்தானத்தார் அதைப் பரப்பினார்கள். விமானத்திலிருந்துகூட விதை தூவினார்களாம். 1940-இல் ‘ராஜ விருக்ஷம்’ என்று கௌரவமும் கொடுத்தார்கள். பட்டத்தைப் பெற்றுக்கொண்ட மரம் மற்ற மரங்களை அண்ட விடாமல் இராஜ்யத்தையே எடுத்துக்கொண்டது.

மலை உச்சி வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தோம். அஜ்மீர்ப் பிரதேசம் ஒரு நீர்ப்பிரிவு. ஒரு பக்கத்தில் விழுகிற மழை சம்பல் நதியோடு சேர்ந்து யமுனை, கங்கை வழியாக வங்காளக் குடாக்கடலை அடைகிறது. மற்றப் பக்கத்தில் விழுவது லூனி ஆறாகிறது. நாக மலைச் சாரலில் பிறக்கும் லூனி, பாலைவனத்தைக் கடந்து 300 மைல் சென்று, கடலைக் காணாமலே கட்ச் பிரதேசத்துச் சதுப்பு நிலத்தில் மறைந்து போகிறது. பாதி வழி வரையில் நல்ல ஜலம். பாலோத்ராவுக்குக் கீழே உப்பு ஜலம். ‘லூனி’ என்றாலே உப்பு என்றுதான் அர்த்தம்.

சாலை இறங்கியதும் சக்கரத்தின் சத்தமே மாறிவிட்டது. சாலை ஓரங்களில் மணல் குவிந்து கிடந்தது. ரோஜாத் தோட்டம் ஒன்று, மணல்மேடு ஒன்று, மறுபடி ரோஜாத் தோட்டம். பன்னீருக்கும் குல்கந்துக்கும் புஷ்கரத்து ரோஜா பெயர் பெற்றது. பிறகு திடீரென்று வீடுகளுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. வடநாட்டுச் சிகரம் அல்ல. அசல் தமிழ்நாட்டுக் கோபுரம்! ஹைதராபாத் சேட் ஒருவர் 1823-இல் கட்டிய ரங்கநாதர் கோயில் அது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு மார்வார் மணலில் ஒரு வாசஸ்தலம் கிடைத்திருக்கிறது என்று அறிந்ததும் பெரியம்மா முதல் தடவையாக வண்டியோட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

புஷ்கரத்தின் ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். பிரம்மதேவர் கையிலிருந்து தாமரை விழுந்த இடத்தில் உண்டான தீர்த்தம் என்பது ஐதிகம். ‘கௌ காட்’ என்னும் பெரிய துறையில் 1948-இல் மகாத்மா காந்தியின் அஸ்தியைக் கரைத்தார்கள்; அதிலிருந்து அதற்குக் காந்தி காட் என்றும் பெயர். பெரியம்மா அங்கேதான் ஸ்நானம் செய்வேன் என்று சொல்லிவிட்டாள். பண்டாக்கள் தக்ஷிணை விஷயமாக எங்களைச் சூழ்ந்துகொண்டதை விவரிக்கப் போவதில்லை. காசிக்கும் கயைக்கும் போய் வந்த நேயர்களுக்குத் தெரியாததா?

பிரம்மாவுக்கு உலகத்திலேயே இருப்பது இந்த ஒரு கோயில்தான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். திருச்சிக்கு அருகே திருப்பட்டூர் இருப்பதை அவர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பிரம்மாவுக்குப் பூஜை இல்லாமற் போனதற்கு நம் ஊரில் சொல்லும் காரணம், திருவண்ணாமலையில் தாழம்பூவைச் சாக்ஷி வைத்துப் பொய் சொன்னார் என்பது. இங்கே கதை வேறு. யாகத்துக்கு முகூர்த்தம் தவறுகிறது; ஸாவித்திரி தேவி வந்து சேரவில்லை; அவசரத்தில் காயத்திரி என்னும் ஆயர் குலப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்தி யாகத்தை நடத்திவிட்டார். தேவி வந்து பார்த்தாள், சாபம் கொடுத்தாள், ஊருக்கு வெளியே மலைமேல் போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கதைகளில் இதுதான் நம்பத் தகுந்தது என்று எங்கள் குழுவிலிருந்த ஸ்திரீகள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

இவ்வளவு மகிமை பொருந்திய ஏரி 2009-ஆம் வருஷம் வற்றிப் போயிற்று. கார்த்திகைப் பௌர்ணமி உற்சவத்துக்குத் திரண்டு வந்த யாத்திரிகர்கள், படித்துறை ஓரத்தில் கட்டிய சிறு தொட்டிகளில் குழாய்க்கிணற்று ஜலத்தை நிரப்பி ஸ்நானம் செய்ய நேர்ந்தது. ஏரியைச் சீர்ப்படுத்த அதற்கு முந்தைய வருஷத்தில்தான் சுமார் 48 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கித் தூர் வாரியிருந்தார்கள். மழையும் அந்தச் சமயம் பார்த்துப் பொய்த்தது. அடியிலிருந்த களிமண்ணைச் சேர்த்துச் சுரண்டிவிட்டபடியால் ஜலம் நிற்கவில்லை என்று உள்ளூரார் சொல்கிறார்கள். ஆனால் ஏரியில் ஏன் அவ்வளவு தூர் சேர்ந்தது? அதற்குப் பதில் ஏரியில் இல்லை; நாக மலையில் இருக்கிறது. இந்த ஏரிக்கு வற்றாத ஆறு எதுவும் வருவதில்லை. மலைச் சரிவில் விழுகிற மழைதான் ஓடைகளில் வந்து சேர வேண்டும். மரமும் புல்லும் இருந்த காலத்தில் மழை ஊறி, மெதுவாக வந்தது. மரம் போன பிறகு வெள்ளமாக ஓடி வருகிறது. வரும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. காற்று தன் பங்குக்கு மேற்கிலிருந்து மணலைக் கொண்டுவந்து போடுகிறது.

பாலை என்பது தனியாக ஒரு நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டபோது கொள்ளும் வடிவமே அது என்று இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது கவியின் கற்பனை என்றே எண்ணியிருந்தோம். புஷ்கரத்தில் குறிஞ்சி பாலையாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிற்பகலில் ஊருக்கு மேற்கே மணல்மேடுகளுக்குப் போனோம். கார்த்திகைச் சந்தை கூடும் இடம் அது. சந்தை இல்லாத நாளாகையால் உல்லாச சவாரிக்கென்று அலங்கரித்த சில ஒட்டகங்கள் மட்டும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ராஜஸ்தானத்தில் 2012-இல் சுமார் 3,25,000 ஒட்டகங்கள் இருந்தன. 2019 கணக்கில் 2,13,000-க்கும் குறைவு. 2014-இல் ஒட்டகத்தை ராஜ்யத்தின் மிருகம் என்று பிரகடனம் செய்து, அடுத்த வருஷம் அதைக் கொல்லவும் வெளி ராஜ்யங்களுக்குக் கொண்டு போகவும் தடைச் சட்டம் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால், தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ரைகா குலத்தவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: “விற்க முடியாத பிராணியை எத்தனை நாள் வளர்ப்பது, பாபுஜி? மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். வண்டி இழுக்க மோட்டார் வந்துவிட்டது. என் பிள்ளை ஜெய்ப்பூரில் ஹோட்டலில் வேலை பார்க்கிறான்.” எங்களிடம் பதில் இல்லை. ஒட்டகப் பாலில் போட்ட தேநீர் கொடுத்தார்; சற்றே உப்புக் கரித்தது; நன்றாயிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஸாவித்திரி மலைக்கு ஏறினோம். 2016 முதல் கம்பித் தொட்டில் ஓடுகிறபடியால் பெரியம்மாவும் அதில் ஏறி வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த தேவி நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள். கிழக்கே வெள்ளை வீடுகள் சூழ ஏரி. அதற்குப் பின்னால் நாக மலை. மேற்கே அலை அலையாக மணல். நடுநடுவே பச்சைக் கட்டங்களாகத் தோட்டங்கள். மலைத் தொடர் தொடர்ச்சியாக இல்லை. ஆங்காங்கே இடைவெளி விட்டிருக்கிறது. அந்த இடைவெளிகளின் வழியாகத்தான் மணல் கிழக்கே புகுந்துவிடுகிறது.

இயற்கை விட்ட இடைவெளிகள் போதாவென்று மனிதர்களும் புதியன உண்டாக்கியிருக்கிறார்கள். பரிசீலித்த 128 ஆரவல்லிக் குன்றுகளில் 31 குன்றுகள் கல் வெட்டியதனால் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன என்ற செய்தியை 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கேட்டுத் திகைத்தார்கள். குன்றுகளை அனுமார் தூக்கிக்கொண்டு போய்விட்டாரா என்று நாமும் கேட்கலாம். சுற்றுப்புறத்துக்கு மேல் 100 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஆரவல்லிக் குன்று என்று ஒரு வரையறையை 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்ட அதே கோர்ட்டு, தேசமெங்கும் கூச்சல் கிளம்பவே, டிசம்பரில் அதை நிறுத்தி வைத்தது. மணலுக்கு மீட்டர்க் கணக்குத் தெரியாது. சிறு குன்று இல்லாத இடத்திலும் அது வரும்.

சூரியன் மணலில் இறங்கியதும் குளிர் காற்று கிளம்பிற்று. கீழே இறங்கி வந்தபோது படித்துறைகளில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா காந்தி காட்டில் நின்று, ஜலத்துக்கு மேலே எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணினாள். ஈரக் கறை படிந்த படிகள் 11. அருகில் இருந்த கிழப் பண்டா, “நல்ல மழை பெய்து ஆவணியில் வந்தால் இவற்றில் பாதி உள்ளே இருக்கும், மாஜி” என்றார். “மழை பெய்தாலும் மண் வராமல் இருக்க வேண்டுமே” என்றாள் பெரியம்மா. அவர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, விளக்கிலிருந்த திரியைத் தூண்டினார்.