கெலவரப்பள்ளியில் ஓர் ஊதாப் பூ

ஓசூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் மயில் இறகுக் கண்போல் புள்ளி வைத்த ஊதாப் பூக்கள். "கெலவரப்பள்ளி டேம்லேருந்து கொண்டு வந்தேன் அண்ணி. தண்ணியில போட்டா போதும், தானா வளருது" என்றாள் பெருமையாக. அணையைப் பார்க்க எனக்கும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணையை இங்கே மறித்திருக்கிறார்கள். அணையின் உயரம் 44.28 அடி. சுற்றுக் கிராமங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாயில் கலந்து வருகின்றன. கரையோரத் தண்ணீர் தூரத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிந்தது. "அது மேல நடக்கலாமா அத்தே?" என்றான் நாத்தனார் பையன். கிட்டே போனதும் அவனே மூக்கைப் பொத்திக் கொண்டான்.

முற்றத்துத் தொட்டியில் இருந்த அதே செடிதான்! தண்டு வெங்காயம் போல் உப்பியிருப்பதால் வெங்காயத் தாமரை. ஆகாயத் தாமரை என்றும் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்த செடி. வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரு மடங்காகும். விதை பல வருஷம் சேற்றில் தூங்கிவிட்டு முளைக்கும்.

பரிசலில் இருந்த ஆண்கள், மூங்கில் கழியில் கொக்கி மாட்டிச் செடியைக் கரைக்குத் தள்ள, பெண்கள் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். தண்ணீரில் ஊறிய கூடை என்ன கனம்! செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தானே. இங்கேயே போட்டால் என்ன என்று கேட்டேன். "போன தடவை அப்படித்தான் போட்டோம்க்கா. மழை பேஞ்சு தண்ணி ஏறுச்சு, எல்லாம் திரும்ப உள்ள போயிடுச்சு" என்றார் ஓர் அம்மாள். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து செய்த வேலையாம். கேட்க எனக்கே வயிறு எரிந்தது.

பறித்தால் மட்டும் தீருமா? பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீர் வழிந்து இந்த ஆற்றில்தான் கலக்கிறது. அணையில் தண்ணீர் திறக்கும்போது மலைபோல் நுரை பொங்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நாம் துணி துவைத்துக் கொட்டும் சோப்புத் தூளுக்கும் அதில் பங்குண்டு. செடிக்குச் சோறு போடுவதும் அதே கழிவுதான். வருகிற கழிவு நிற்காதவரை கூடை சுமப்பதும் நிற்காது.

ஆனாலும் பறித்தே ஆக வேண்டும். மான்சோனியா என்ற கொசுவின் புழு, மூச்சு விட மேலே வராமல், இந்த மாதிரி மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்துக் காற்றை இழுத்துக் கொள்ளும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. கேரளத்துச் சேர்த்தலையில் 1986-ல் புதுச்சேரி கொசு ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோயை ஒழிக்க இறங்கியபோது, வீட்டுக் குளங்களில் மிதந்த செடிகளை ஊர் மக்களே வாரி எடுத்துத் தென்னைக்கு உரமாகப் போட்டு, குளத்தில் மீன் வளர்த்தார்கள். கெலவரப்பள்ளிச் செடியை அப்படி நம்பிப் போட முடியாது. ஆலைக் கழிவிலுள்ள உலோகங்களையும் இது உறிஞ்சி வைத்திருக்கும். கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வேண்டாம். கையில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள்.

புளிசாதத்தைத் திரும்பி வந்துதான் சாப்பிட்டோம். மாலையில் நாத்தனார் தொட்டிச் செடியை எடுத்து வாசல் சாக்கடைப் பக்கம் போனாள். "அங்கே போட்டா திரும்ப ஏரிக்குத்தானே போகும்?" என்றேன். வேரை மேலே பார்க்கக் கவிழ்த்து மொட்டை மாடியில் காயப் போட்டோம். அந்த வெயிலிலும் அது வாட நாலு நாள் ஆயிற்று.