சட்டியிற் சுட்ட புளிச்சோறு

நம் கல்லூரி விடுதியிற் சேர்ந்த முதலாண்டில் என் அறைத் தோழன் ஒருவன், விடுமுறை கழிந்து கல்வராயன் மலையினின்று திரும்பும்போதெல்லாம், தூக்குப் பாத்திரம் ஒன்றிற் சாமைச் சோறு கொண்டு வருவான். ஒரு நாள் மாலை அவன் அதனைத் திறந்தபோது, அறையிலிருந்தார் அனைவரும் கேட்கும்படி, "இது மனிதர்க்கு வைத்ததா, குருவிக்கு வைத்ததா?" என்று வினவினேன். எல்லோரும் நகைத்தனர், அவனும் நகைத்தான். அதன்பின் அத்தூக்குப் பாத்திரத்தை யாம் கண்டதில்லை. ஈராண்டுகள் சென்றன. யான் அச்சொல்லை அடியோடு மறந்துபோனேன்.

நிற்க. சென்ற டிசம்பர் விடுமுறையில் வகுப்புத் தோழர் எண்மரைக் கள்ளக்குறிச்சியிலுள்ள எம் இல்லத்திற்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். அவருள் ஒருவனுடைய தமையனார் மணிலாவிற் பணி புரிபவர். அவர் வாயிலாகத் தான் கேள்வியுற்ற பண்டம் ஒன்றைப் பற்றி அவன் ஓயாது பேசுவான். யப்பானியரது 'சுஷி' என்னும் உணவை உருட்டியும் சுருட்டியும் தொல்லைப்படாமல், சோற்றை ஒரே தட்டிற் பரப்பி, அதன்மேல் மீனையும் நண்டையும் கொழுப்புமிக்க வெண்குழம்பிற் குழைத்துப் பூசி, அடுப்பிலிட்டுச் சுட்டு, அனைவரும் சூழ அமர்ந்து, கரண்டியால் எடுத்து உலர்ந்த கடற்பாசித் தாளில் வைத்துண்பதாம். 2020-இல் கொள்ளை நோயால் மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்த காலத்திற் பிலிப்பைன்ஸ் நாட்டில் இது பெரிதும் பரவிற்று. இதனையே விருந்திற் செய்வதென யான் வாக்களித்துவிட்டேன். சோறு வடிக்கவும் அறியாத ஒருவன் இவ்வாறு வாக்களித்தது எவ்வளவு துணிவு என்பதை எம் அன்னையார் உடனே எடுத்துக் காட்டினார்.

சுஷி என்பதைப் பலரும் பச்சை மீன் என்றே கருதுகின்றனர். அச்சொல்லின் பழம்பொருள் புளிப்பு என்பதாம். பண்டு மீனை உப்பிட்டுச் சோற்றிடையே பல திங்கள் புதைத்துப் புளிக்க வைத்து, மீனை மட்டும் உண்டு சோற்றை எறிந்துவிடுவர். பீவா ஏரிக்கரையில் அவ்வகை இன்றும் செய்யப்படுகின்றது. பிற்காலத்தார் அத்துணைக் காலம் காத்திருக்க மனமின்றிச் சோற்றிற் காடியை ஊற்றிப் புளிப்பேற்றினர். இதைப் படித்தபோது, இஃது நம் புளிச்சோற்றின் தூரத்து உறவன்றோ என்று எனக்குத் தோன்றிற்று. காடிக்குப் புளியும், சர்க்கரைக்கு வெல்லமும் உள்ளனவே!

இம்மகிழ்ச்சியில் மலைத் தோழனுக்குத் தொலைபேசியிற் செய்தி கூறினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரிசிக்குப் பதிலாகச் சாமையிட்டால் உன் குருவிகள் உண்ணுமா?" என்றான். குரலிற் சினமில்லை. யான் மறுமொழி கூறவியலாது நின்றேன்.

மறுநாட் காலை கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினேன். கோமுகி அணையைக் கடந்தால் மலைப்பாதை தொடங்கிவிடும். வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து நடந்து அவன் சிற்றூரை அடைந்தபோது, அவன் தாயார் திண்ணையருகே உரலிற் சாமை குத்திக்கொண்டிருந்தார். அக்கூலத்தின் மணி மிகச் சிறிது. உமியோ எளிதில் விடுவதன்று. குத்துவதும் புடைப்பதும் மீண்டும் குத்துவதுமாக அரை நாள் உழைத்தாலன்றி ஒரு வேளைச் சோறு கிட்டாது. உலக்கையை வாங்கி யானும் குத்தினேன். கால் நாழிகையில் உள்ளங்கை கொப்புளித்தது. அவன் பாட்டியார் அது கண்டு நகைத்தார். 1976-ஆம் ஆண்டு வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அந்நாளில் கூலியின்றி வேலைக்குச் சென்றதையும், அரிசிச் சோறு திருநாளன்றே கண்டதையும் அம்மூதாட்டியார் ஏதோ பிறர் கதைபோற் கூறினார். "எதற்குத் தம்பி சாமை? கீழ்நாட்டில் அரிசி இல்லையா?" என்று தாயார் கேட்டார். உண்மைக் காரணத்தைக் கூற எனக்கு நா எழவில்லை. தோழனும் கூறவில்லை. இரண்டு படி சாமையும் ஓர் உருண்டை புளியும் தந்து அனுப்பினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

முதல் முயற்சி பாழாயிற்று. யப்பானியர் ஆளும் குட்டை அரிசி தானாகவே ஒட்டிக்கொள்ளும் இயல்பினது. சாமையோ ஆறியவுடன் ஆற்று மணல்போல் உதிர்ந்தது. தொலைபேசியிற் கேட்டபோது அவன் தாயார் வழி கூறினார்: சாமையை அரை நாழிகை ஊறவைக்க வேண்டும், ஒரு பங்கிற்கு இரண்டரைப் பங்கு நீர் கொதித்தபின் இட வேண்டும், இறக்கியபின் மூடியைத் திறவாது புழுங்கவிட வேண்டும். அன்னையார் தம் பங்கிற்கு மூன்றில் ஒரு பகுதி பச்சரிசியைக் குழைய வடித்துக் கலக்கச் சொன்னார். கெட்டியாகக் கரைத்த புளியை வெல்லமும் உப்புமிட்டுக் காய்ச்சிச் சூட்டோடு பிசைந்தேன். பரப்புதற்குப் பரணிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தபோது, "ஈயம் பூசாத பித்தளையிற் புளியையா கொட்டுவாய்? விருந்துக்கு அழைத்தாயா, வைத்தியரிடம் அனுப்ப அழைத்தாயா?" என்று அன்னையார் அதனைப் பறித்துக்கொண்டு, வாயகன்ற மண்சட்டி ஒன்றை நீட்டினார்.

சோற்றைச் சட்டியில் இரண்டு விரற்கடை உயரம் அழுத்திப் பரப்பினேன். வேகவைத்து முள் நீக்கி உதிர்த்த வஞ்சிர மீனை, துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரோடும் மிளகுத்தூளோடும் குழைத்து மேலே பூசி, வறுத்த எள்ளைத் தூவினேன். எம் இல்லத்திற் சுடும் அடுப்பு இல்லை. ஆதலால், பண்டிகைக் காலத்திற் கேக் சுடுவதுபோல, பெரிய அண்டாவில் மணல் நிரப்பிச் சூடேற்றி, அதனுள் மனையொன்றின்மேற் சட்டியை வைத்து, இரும்பு மூடியிட்டு, மூடியின்மேற் கரி நெருப்பைப் பரப்பினோம். அரை மணி நேரத்தில் தயிர் இறுகி, ஓரங்கள் பொன்னிறமாயின. கடற்பாசித் தாளுக்கு எங்கே போவது? இராமநாதபுரக் கடலோரத்திற் பெண்கள் நீரில் மூழ்கிப் பாசி சேகரிப்பதுண்டு. அது ஆலைகளுக்குச் செல்வதேயன்றி நம் கடைத்தெருவுக்கு வருவதன்று. தணலிற் சுட்ட அப்பளத்தை அதற்கு ஈடாக்கினோம்.

தோழர் அனைவரும் சட்டியைச் சுற்றி அமர்ந்தனர். மணிலாச் செய்தி கொணர்ந்தவன் நிறத்தைக் கண்டு முகஞ்சுளித்தான். புளியால் சோறு கருஞ்சிவப்பாய் இருந்தது. உண்ட பின்னர், "இஃது என்ன அரிசி?" என்றான். யான் மலைத் தோழனை நோக்கினேன். அவன் தலை கவிழ்ந்திருந்தான். "சாமை. இவன் தாயார் குத்தியது. முதலாண்டில் யான் குருவித்தீனி என்று இகழ்ந்தது இதுவே" என்றேன். ஒருவரும் நகைக்கவில்லை. சிறிது பொழுது அப்பளம் நொறுங்கும் ஓசையே கேட்டது. பின் அவன் சட்டியைத் தன்பால் இழுத்து, அடியிற் பிடித்திருந்த காந்தலைக் கரண்டியாற் சுரண்டியவாறே, "இந்தப் பகுதியை யாருக்கும் தரமாட்டேன்" என்றான். அதற்கும் ஒரு போட்டி எழுந்தது.

மிஞ்சியதைத் தூக்குப் பாத்திரம் ஒன்றில் இட்டு அவன் தாயாருக்குக் கொடுத்தனுப்பினேன். கல்லூரி திறந்த நாளன்று அப்பாத்திரத்தை அவன் விடுதி அறையில் என் மேசைமேல் வைத்தான். வெறும் பாத்திரத்தைத் திருப்புதல் வழக்கமன்றே! உள்ளே சாமைச் சோறு நிறைந்திருந்தது.

"அம்மாவிற்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டேன்.

"மீன் நன்று, புளிதான் சற்று மிகுதி என்றார்" என்று கூறிக்கொண்டே அறைக் கதவை அகலத் திறந்து, அடுத்த அறையாரையும் உண்ண அழைத்தான்.